பெரல் தெப்பமும் இடுப்புத் துவக்கும்

அண்ணா, வணக்கம்.

நான் மலையகத்தில் நோர்வூட் பக்கம். மூன்று வருடம் கட்டாரில் இருந்துவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறேன். போன மாதம் நானும் இரண்டு கூட்டாளிகளும் நாலு நீலப் பெரலைக் கட்டி, மேலே பலகை அடித்து, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறக்கினோம். மல்லாந்து படுத்து மிதந்தபோது கட்டாரில் தொலைத்த தூக்கமெல்லாம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. மூன்று மணிக்குக் காற்று எடுத்தது. நடுத் தண்ணிக்குப் போய்விட்டோம். கரை சேர ஒன்றரை மணி நேரம். வீட்டில் அப்பாயியிடம் நல்ல ஏச்சு.

இந்த யோசனை வந்ததே அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துத்தான். சொந்தமாக பிளைவுட்டில் படகு செய்து ஆற்றில் மிதக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், கோப்பி ஊற்றிக் குடிக்கிறார்கள். ஆனால் சிலருக்கு இடுப்பில் பிஸ்டல். ஓய்வெடுக்கப் போகிறவனுக்கு எதற்குத் துவக்கு? நாமும் லைசன்ஸ் எடுத்து ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கூட்டாளி கேட்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(வாசகர், நோர்வூட். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

இதே விஷயத்துக்கு ஏச்சு வாங்கியவன்தான் நானும். எனக்கு அப்போது பதிமூன்று வயது. தேயிலை பிளைவுட் பெட்டியில் போன காலம். ஓரமெல்லாம் தகரப்பட்டி, உள்ளே ஈயத்தாள். ஃபெக்டரியில் கழித்துப் போட்ட இரண்டு பெட்டியை நானும் மாமா மகனும் தூக்கி வந்து, ரோட்டு வேலைக்காரர்கள் விட்டுப்போன தாரைச் சுரண்டி, பால்மா டின்னில் போட்டு இளக்கி, இடுக்கெல்லாம் பூசினோம். ஆளுக்கொரு பெட்டி. முழங்கால் தாடையில் இடிக்கும், அப்படித்தான் உட்கார முடிந்தது. கால்மணி நேரம் ராஜா மாதிரி மிதந்தேன். அப்புறம் பலகை ஊறி இதழ் இதழாகப் பிரிய ஆரம்பித்தது. மூலையில் ஒட்டியிருந்த தூள் கரைந்து, என் காலடியில் ஏறிய தண்ணீர் நல்ல தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அதை ரசித்துக்கொண்டிருந்ததில் கரை தூரமாகிவிட்டதை நான் பார்க்கவில்லை. மாமா மகன்தான் நீந்தி வந்து தலைமயிரைப் பிடித்து இழுத்தான்.

சரி, உங்கள் தெப்பத்துக்கு வருகிறேன். 200 லீட்டர் பெரல் முழுதாக அமிழ்ந்தால் ஏறத்தாழ 200 கிலோவைத் தாங்கும். நாலுக்கு 800. பெரலின் எடை, பலகை, நீங்கள் மூன்று பேர் எல்லாம் சேர்த்தாலும் 350 கிலோவுக்குள்தான் நிற்கும். ஆகவே மூழ்குவது உங்கள் பிரச்சினை இல்லை. பாதிக்கு மேல் வெளியே நிற்கிற பெரலும், அதற்கு மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற மூன்று பேரும் காற்றுக்குப் பாய் விரித்துக் கொடுத்த மாதிரி. அடியில் பிடிமானமும் கிடையாது. காற்று எங்கே சொல்கிறதோ அங்கேதான் போகும். நீங்கள் பலகைத் துண்டால் துடுப்புப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒன்றரை மணி நேரத்தில் கரை சேர்ந்ததே பெரிய காரியம். இன்னொன்று, நைலோன் கயிறு நனைந்தால் கொஞ்சம் நெகிழும். காலையில் இறுகக் கட்டியது மத்தியானம் ஆடும்.

இனி துவக்கு. அந்த அமெரிக்கர்களைச் சிரிக்காதீர்கள். தெற்குப் பக்கத்து ஆறுகளில் விஷமுள்ள நீர்ப்பாம்பு உண்டு, முதலை உண்டு. ஆளில்லாத கரையில் இராத்தங்குகிறவனுக்கு மனிதர்கள் மேலும் பயம் இருக்கும். அங்கேயும் எல்லாத் தண்ணீரிலும் இது செல்லாது. இராணுவப் பொறியியல் படை பராமரிக்கிற ஏரிகள் அந்த நாட்டில் ஏராளம். அவற்றில் வேட்டை போன்ற சில விதிவிலக்கு தவிர, குண்டு போட்ட துவக்கோடு போவது விதிப்படி தடை. தேசியப் பூங்காக்களிலோ 2010 முதல் அந்தந்த மாநிலச் சட்டம் எதுவோ அதுதான். ஒரே ஆற்றில் மிதந்து போகிறவன் வளைவுக்கு வளைவு சட்டப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கும். ஓய்வு என்று இதைத்தான் சொல்கிறார்களோ!

தொல்லை அதோடு முடிவதில்லை. சின்னப் படகில் உட்கார்ந்தால் இடுப்பு நனையும் இடத்தில் இருக்கும். அதனால் சிலர் நெஞ்சில் கட்டிக்கொள்கிறார்கள். துருப்பிடிக்காத இரும்பு என்று விற்பதும் கவனிக்காவிட்டால் துருப்பிடிக்கும். குழாயில் தண்ணீர் நின்றால் வாயைக் கீழே சாய்த்து வடித்த பிறகுதான் சுட வேண்டும், இல்லையென்றால் குழாயே வெடிக்கக்கூடும். ஆடுகிற பலகையில் நின்று குறி பார்ப்பதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

துவக்குப் பழக்குகிறவர்கள் அங்கே முதலில் சொல்லிக்கொடுப்பவற்றில் ஒன்று: தண்ணீரை நோக்கிச் சுடாதே. இதை நான் யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டேன். எங்கள் தோட்டத்தில் ஒரு தொரை இருந்தார். பெயர் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளோடு தண்ணிக்கரைக்கு வந்து, மிதந்துகொண்டிருந்த நீர்க்காகத்தை ரிவோல்வரால் சுட்டார். காகம் முங்கிவிட்டது. குண்டு முங்கவில்லை. நாங்கள் தட்டைக் கல்லை எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அப்படித் தண்ணீரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அக்கரைக்குப் போனது. அங்கே கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தகரத்தில் ‘டங்’ என்று ஒரு சத்தம். ஞாயிறு என்பதால் மடுவத்தில் யாரும் இல்லை. வேலைநாள் என்றால் நிறுவைக்குக் கூடையோடு பெண்கள் வரிசையில் நிற்கிற நேரம் அது. விருந்தாளிகள் கைதட்டினார்கள். அந்த ஓட்டையை ரொம்ப நாள் யாரும் அடைக்கவில்லை. மழை பெய்தால் தராசுக்குப் பக்கத்தில் ஒழுகும்.

நம் மலையில் துவக்கு எப்போதும் இன்னொருவர் இடுப்பில்தான் இருந்தது தம்பி. 1940இல் முல்லோயாவில் கோவிந்தன், 1977இல் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் என்று இரண்டு தோட்டத்து ஆட்கள் செத்தார்கள். இரண்டும் பொலிஸ் குண்டு. பிஸ்டலோடு படுத்து ஓய்வெடுக்கிற படம் எனக்குள் வரவே மாட்டேன் என்கிறது என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் கூட்டாளிக்குச் சொல்லுங்கள்: இங்கே சுடுகலன் சட்டம் 1916ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, கைத்துப்பாக்கி அனுமதி பாதுகாப்பு அமைச்சு வரை போகிற விஷயம். தெப்பத்தில் படுக்க வேண்டும் என்ற காரணத்தை எந்த விண்ணப்பத்தில் எழுதுவது? அப்படியே கிடைத்தாலும் யாரைச் சுடப் போகிறான்? காசல்ரீயில் முதலை இல்லை. கரையில் குளவி கலைந்தால் ரிவோல்வர் உதவாது, ஓடத்தான் வேண்டும்.

அந்தக் காசுக்கு மூன்று லைஃப் ஜக்கெட் வாங்குங்கள். நீந்தத் தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்தாதீர்கள். நம் தண்ணீர் குளிர், திடீரென்று விழுந்தால் முதலில் மூச்சுத்தான் முட்டும். காலையில் இறங்கி, காற்று எடுக்குமுன் ஏறிவிடுங்கள். இரண்டு நல்ல துடுப்பு, கல் கட்டிய நீளக் கயிறு ஒன்று. மழைக்காலத்தில் டேம் நிரம்பி வான் பாய்கிற நாட்களில் தண்ணிப்பக்கமே வேண்டாம். டேம் பக்கம் எந்த நாளிலும் வேண்டாம்.

அப்பாயி ஏசினதற்கு வேறு காரணமும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். காசல்ரீ டேமைக் கட்டியது 1965இல், பக்கத்து மவுசாகலை டேமை 1969இல். பழைய மஸ்கெலியா டவுனே மவுசாகலைத் தண்ணிக்கடியில் போனது. தண்ணீர் வற்றினால் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேறு பூசிக்கொண்டு வெளியே வருகின்றன. ஆட்கள் போய்ப் பார்க்கிறார்கள். அந்த வயதுக்காரர்களுக்கு அது வெறும் தண்ணீர் இல்லை. என் அம்மா பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது ஜன்னல் பக்கம் உட்காரமாட்டார்.

பெரல் மூடிகளைக் கழற்றிப் பார்த்தீர்களா? உள்ளே ஒரு கோப்பை தண்ணீர் இருந்தாலும் மூடி கசிகிறது என்று அர்த்தம். பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வாஷர் போடுங்கள். எங்கள் பெட்டிக்கு நாங்கள் போட்ட தாரைவிட நன்றாகவே பிடிக்கும்.