பிறர் வலியைக் கேட்டால் என் வலி கூடிவிடுமா?

கேள்வி: எனக்கு 44 வயது. நான்கு ஆண்டுகளாக இடுப்பு வலி. எம்ஆர்ஐ ஸ்கேனில் வயதுக்கேற்ற தேய்மானம் தவிர வேறொன்றும் இல்லை என்கிறார்கள். மாத்திரையும் பிசியோதெரபியும் தொடர்கின்றன. வீட்டில் வலியைப் பற்றிப் பேச்செடுத்தாலே சலிப்புத் தெரிகிறது. வலியோடு வாழ்பவர்கள் கூடும் குழு ஒன்றில் சேரும்படி பிசியோதெரபிஸ்ட் சொல்கிறார். என் வலியே போதாதென்று மற்றவர்களின் வலியையும் கேட்டுக்கொண்டிருந்தால் அது இன்னும் கூடிவிடாதா?

பதில்: உங்கள் அச்சம் வீணானதல்ல. வலியை மட்டுமே பேசிக் கலையும் கூட்டத்திலிருந்து திரும்புபவர், போனபோது இருந்ததைவிடச் சோர்ந்து திரும்புவதுண்டு. ஆனால் ஒரே நோயுள்ளவர்கள் கூடும் எல்லாக் கூட்டமும் அப்படிப்பட்டதல்ல. அங்கே என்ன பேசப்படுகிறது என்பதைப் பொறுத்தே பயனும் கேடும் அமைகின்றன.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாட்பட்ட வலி என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் அதற்குத் தனி இடமே உண்டு. தொடக்கத்தில் ஏற்பட்ட காயம் ஆறிய பிறகும், வலியைக் கடத்தும் நரம்பு மண்டலம் கூர்மையடைந்த நிலையிலேயே தங்கிவிடக்கூடும். அப்போது சாதாரண அசைவும் அழுத்தமும்கூட வலியாக உணரப்படும். ஆகவே, ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் வலி பொய்யாகிவிடாது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்திய வரையறையின் குறிப்புகளில், தமக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்றே எழுதப்பட்டுள்ளது. வலி ஆய்வாளர்களான ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் இருவரும் 1965-இல் முன்வைத்த கொள்கையின்படி, தண்டுவடத்தை அடையும் வலிச் செய்தி அப்படியே மூளைக்குப் போய்விடுவதில்லை. அங்கேயே கூட்டவும் குறைக்கவும் படுகிறது, மூளையிலிருந்து இறங்கும் செய்திகளுக்கும் அதில் பங்குண்டு. அந்த விளக்கத்தின் நுணுக்கங்கள் பிற்பாடு திருத்தப்பட்டன என்றாலும் அடிப்படை நிற்கிறது. அச்சம், தூக்கமின்மை, வலியின் மீதே குவிந்த கவனம் ஆகியவை வலியைக் கூட்டும். யாரோடு, எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது உடலுக்கும் பொருட்டாவது இதனால்தான்.

மருத்துவராலும் வீட்டாராலும் தர இயலாத ஒன்றைச் சக நோயாளிகள் தருகிறார்கள்: அவர்களிடம் வலியை நிரூபிக்க வேண்டியதில்லை. நன்றாக நடக்கும் கூட்டம் ஒன்றைக் கவனித்தால் இது விளங்கும். பேச்சின் நடுவே ஒருவர் எழுந்து சுவரில் சாய்ந்து நின்றுகொள்வார். இன்னொருவர் காலை நீட்டித் தரையில் படுப்பார். ஏன், என்ன ஆயிற்று என்று எவரும் கேட்பதில்லை, பேச்சும் நிற்பதில்லை. (வீட்டார் சலித்துக்கொள்வதை அன்பின்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உதவ வழி தெரியாத இயலாமைதான் பெரும்பாலும் சலிப்பாக வெளிப்படுகிறது. பேச வேறிடம் கிடைத்தால் அந்தச் சுமையும் சற்றுக் குறையும்.)

இத்தகைய குழுக்களுக்கு வரலாறும் உண்டு. நாட்பட்ட வலியோடு வாழ்ந்த பென்னி கோவன், வலி மேலாண்மைப் பயிற்சி பெற்ற பின், 1980-இல் அமெரிக்க நாட்பட்ட வலிச் சங்கத்தைத் தொடங்கினார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் குழுவினர் நாட்பட்ட நோயாளிகளுக்கென ஆறு வாரப் பயிற்சி ஒன்றை உருவாக்கினர். வாரம் ஒருமுறை, இரண்டரை மணி நேரம், நடத்தும் இருவரில் ஒருவரேனும் அத்தகைய நோயோடு வாழ்பவர். கனடாவின் செவிலியர் ஆய்வாளர் சாண்ட்ரா லெஃபோர்ட் 1990-களில் அதை வலிக்கென்றே மாற்றியமைத்தார்.

அந்தப் பயிற்சியின் உயிர்நாடி வாராந்தரத் திட்டம். "இனி நடக்கப் போகிறேன்" என்றால் ஏற்கமாட்டார்கள். "இந்த வாரம் நான்கு நாள், காலையில், பத்து நிமிடம் நடப்பேன்" என்று சொல்ல வேண்டும். செய்து முடிப்பீர்கள் என்ற நம்பிக்கைக்குப் பத்துக்கு எவ்வளவு மதிப்பெண் என்றும் கேட்பார்கள். ஏழுக்குக் கீழே சொன்னால் திட்டத்தைச் சிறிதாக்கச் சொல்வார்கள். அடுத்த வாரம், முடியாமல் போனது ஏன் என்பதை எல்லோரும் சேர்ந்து ஆராய்வார்கள். வலி குறைந்த நாளில் வீட்டு வேலை முழுவதையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு, மறுநாள் எழ முடியாமல் கிடப்பது இந்நோயாளிகளிடம் மிகப் பொதுவான வழக்கம். இருபதாவது நிமிடத்தில் வலி ஏறும் வேலையைப் பன்னிரண்டாவது நிமிடத்திலேயே நிறுத்த வேண்டும், நன்றாக இருக்கும் நாளிலும் நிறுத்த வேண்டும். இதை நான் சொன்னால் நோயாளி தலையாட்டுவார். தாமே அப்படிக் கிடந்து எழுந்த ஒருவர் சொன்னால் செய்து பார்ப்பார்.

குழுவைத் தேர்ந்தெடுக்க என் அளவுகோல் ஒன்றுதான்: திரும்பி வரும்போது அடுத்த வாரத்துக்குச் செய்ய ஏதேனும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். யார் வலி பெரிது என்ற போட்டி நடந்தாலோ, எண்ணெயோ இடுப்புப் பட்டையோ கருவியோ விற்கப்பட்டாலோ, மருத்துவரிடம் போகாதே என்று சொல்லப்பட்டாலோ அடுத்த முறை போக வேண்டாம். மருந்து விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. நரம்பு வலிக்குத் தரப்படும் பிரிகாபலின், மனச்சோர்வு மருந்துகள், ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலி மருந்துகள் ஆகியவற்றை நெடுநாள் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்துவது தொல்லை தரும். "நான் விட்டுவிட்டேன், நீங்களும் விடுங்கள்" என்ற அறிவுரையைக் கேட்டு எதையும் மாற்றாதீர்கள்.

சில அறிகுறிகளைக் குழுவில் விவாதித்துக்கொண்டிருக்கக் கூடாது. காலில் புதிதாக பலவீனம், மர்ம உறுப்புப் பகுதியில் மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடிழத்தல் ஆகியவை தோன்றினால் அன்றே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். காய்ச்சலோ காரணமற்ற எடைக் குறைவோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால், உடனிருப்பவரிடமும் மருத்துவரிடமும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

பிசியோதெரபிஸ்ட் சொன்ன குழு ஒத்துவராவிட்டால், வலி சிகிச்சை மையத்திலோ மூட்டுவாத மருத்துவரிடமோ வேறு குழு உண்டா என்று கேட்கலாம். எதுவும் அமையாவிட்டால், சிகிச்சைக்குப் போகுமிடத்தில் பழக்கமான சக நோயாளி ஒருவரோடு தொடங்குங்கள்; இருவர் போதும். அரை மணி நேரம் என்று வரம்பு வைத்துக்கொண்டு, வலி பற்றிய பேச்சுக்கு அதில் முதல் பத்து நிமிடத்தை மட்டும் ஒதுக்கி, மீதியில் வாரத் திட்டத்தைப் பேசுங்கள். வலி கூடிய நாளில் வர இயலாதவர் விளக்கம் சொல்லத் தேவையில்லை என்பதையும் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.