போலி என்று தெரிந்தும் ஏன் வலிக்கிறது?

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 16 வயது. இரவில் படுத்துக்கொண்டு ரீல்ஸ் பார்ப்பது வழக்கம். ஒட்டிய வயிறு, ஒரு தழும்பும் இல்லாத முகம், மெல்லிய கைகள் என்று வரிசையாக வரும். உடனே என் கையைத் தூக்கிப் பார்ப்பேன்; அழுகை வரும். ஃபில்டர் போடாமல் யாருக்கும் படம் அனுப்புவதில்லை. ஃபில்டரை நீக்கிவிட்டுப் பார்த்தால் என் முகம் எனக்கே பிடிக்கவில்லை. “என்ன, பூசினாற்போல் ஆகிவிட்டாயே!” என்று உறவினர் ஒருவர் எல்லோர் முன்னாலும் சொன்னதிலிருந்து மதியச் சாப்பாட்டைத் தோழிக்குக் கொடுத்துவிடுகிறேன். இரண்டு மாதமாக மாதவிடாய் வரவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்தப் படங்கள் திருத்தப்பட்டவை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இதே தலைப்பில் பேச்சுப் போட்டியில் பேசிப் பரிசும் வாங்கியிருக்கிறேன். தெரிந்தும் ஏன் இப்படி ஆகிறேன்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள மகளே,

உன் கேள்விக்குப் போகும் முன் ஒன்று. மாதவிடாய் நின்றதை இன்றைக்கே அம்மாவிடம் சொல். இந்த வாரமே மருத்துவரைப் பார். போதிய உணவு கிடைக்காதபோது உடல் முதலில் நிறுத்தி வைக்கும் வேலைகளில் மாதவிடாயும் ஒன்று. வேறு காரணமும் இருக்கலாம், அதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சாப்பாட்டைத் தவிர்ப்பதையும் அவரிடம் மறைக்காதே.

இனி உன் கேள்வி. தன்னை மற்றவரோடு ஒப்பிட்டே மனிதர் தம்மை எடைபோடுகிறார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் எழுதினார். இந்த ஒப்பீட்டை நாம் யோசித்துச் செய்வதில்லை. ‘இது திருத்திய படம்’ என்று அறிவு சொல்லி முடிப்பதற்குள் கண் உன் கையை அளந்துவிடுகிறது. உன் பேச்சில் நீ சொன்னது எல்லாம் சரிதான், ஆனால் அது மட்டும் போதாது. பிரான்சில் 2017 முதலும் நார்வேயில் 2022 முதலும், உடலமைப்பைத் திருத்திய விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனாலும் அத்தகைய குறிப்பைப் படித்த பிறகும் பெண்களின் மனக்குறை பெரிதாகக் குறையவில்லை என்றே பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே இது உன் பலவீனம் இல்லை.

ஃபிஜியில் நடந்ததைக் கேள். பருத்த உடலைப் போற்றிய சமூகம் அது. 1995இல் அங்கே ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. எடை குறைக்க உண்டதை வாந்தியெடுப்பதாகச் சொன்ன மாணவி ஒருத்திகூட அப்போது இல்லை. 1998இல் ஆய்வாளர் ஆன் பெக்கர் குழுவினர் மீண்டும் கேட்டபோது 11.3 சதவீதம் பேர் அப்படிச் சொன்னார்கள். அது கூடத்தில் இருந்த ஒரு பெட்டி. உன்னிடம் இருப்பதோ நீ எதில் ஒரு நொடி கூடுதலாக நின்றாய் என்று கவனித்து, அதையே மேலும் மேலும் கொண்டுவந்து தரும் கருவி.

அதனால் மாற்ற வேண்டியது கண்ணுக்கு வருவதை. கனடாவில் நடந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வு அல்லது பதற்ற அறிகுறிகள் இருந்த 17 முதல் 25 வயது வரையிலானவர்கள் மூன்று வாரம் சமூக ஊடகத்தை நாளுக்கு ஒரு மணி நேரமாகக் குறைக்க முயன்றார்கள். தங்கள் தோற்றத்தைப் பற்றிய அவர்களின் எண்ணம் தெளிவாக மேம்பட்டது. நீயும் செய்து பார். படுக்கைக்கு போன் வேண்டாம். எந்தக் கணக்கைப் பார்த்தபின் கை தானாக உயர்கிறதோ, அதைப் பின்தொடர்வதை விட்டுவிடு. ஃபில்டரையும் நிறுத்து, முதல் சில நாள் கடினமாகத்தான் இருக்கும். இன்னொன்று: கை தூரத்தில் எடுக்கும் செல்பியில் மூக்கு இருப்பதைவிட அகலமாகத் தெரியும். அது லென்ஸின் தூரக் கணக்கு, உன் முகத்தின் குறை இல்லை.

பருவமடையும் வயதில் இடுப்பிலும் தொடையிலும் சதை பிடிப்பது வளர்ச்சியின் பகுதி. அந்த உறவினர் கண்டது அதைத்தான், சொன்ன விதம்தான் தவறு.

அம்மாவிடம் எப்படித் தொடங்குவது என்று தயங்கினால் இதை அப்படியே அவர் கையில் கொடு. அவருக்கும் சில வார்த்தைகள்: அம்மா, “ஏன் சாப்பிடவில்லை?” என்று அதட்டாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுங்கள். எடையைப் பற்றிய பேச்சு, உங்கள் எடையைப் பற்றியதும்கூட, வீட்டில் வேண்டாம். அடுத்த முறை யாராவது இவள் உடம்பைப் பற்றிப் பேசினால், இவள் காதில் விழும்படியே தடுத்துவிடுங்கள்.