யாகசாலைக்குத் தீயணைப்பான் மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் தெரு மாரியம்மன் கோயிலுக்கு ஆவணியில் கும்பாபிஷேகம். யாகசாலைக் கொட்டகையில் ஒரே நேரத்தில் 500 பேர் வரை நிற்பார்கள். தீயணைப்பான் இரண்டு வாங்கி வைத்தால் போதுமா?

பதில்: வாங்குங்கள், ஆனால் அது கடைசி வேலை. முதலில் கூரை, அப்புறம் வாசல்.

கீற்றுக் கொட்டகை வேண்டவே வேண்டாம். 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் கும்பாபிஷேகத்தின்போது யாகசாலைக் கொட்டகை பற்றியெரிந்து, தீயிலும் நெரிசலிலும் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த கீற்றில் தீ பிடித்தால் ஓட நேரம் இருக்காது. தகரம் போடுங்கள். பந்தல்காரர் "அழகுக்கு" என்று தகரத்துக்குக் கீழே துணி கட்ட வருவார். குண்டங்களுக்கு மேலே மட்டுமாவது விடாதீர்கள். நெய் ஊற்றும்போது தீ ஆள் உயரத்துக்கு எழும்பும்.

வாசல் எதிரெதிர்ப் பக்கங்களில் குறைந்தது இரண்டு வேண்டும். பயந்தவர்கள் வந்த வழியாகவே திரும்பி ஓடுவார்கள், பக்கத்து வழி திறந்திருந்தாலும் கண்ணில் படாது. ஆகவே இரண்டாவது வாசலையும் அன்று காலையிலிருந்தே நடமாட்டத்தில் வையுங்கள். பிரசாதத்தை அந்தப் பக்கம் கொடுத்தாலே போதும், ஜனங்களுக்கு வழி பழகிவிடும். நான் பார்த்த கோயில்களில் வாசலை அடைப்பது பெரும்பாலும் செருப்புக் குவியலும், வரிசைக்குக் கட்டிய சவுக்குக் கட்டையும்தான். செருப்பு ஸ்டாண்டைத் தெருமுனைக்கு மாற்றுங்கள். கட்டையை ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டுங்கள், அறுத்தால் விழ வேண்டும்.

ஜெனரேட்டர், அன்னதான அடுப்பு, சிலிண்டர் எல்லாம் கொட்டகையை விட்டுத் தள்ளியே இருக்கட்டும். எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. சிலிண்டரை மூடி, சட்டியைத் தட்டால் மூட வேண்டும். சமையல்காரரிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தீயணைப்பான் உலர் தூள் வகை, 6 கிலோ. அரை நிமிடத்துக்குள் காலியாகிவிடும், அதனால் ஊசியை உருவி, தீயின் அடிப்பாகத்தில் அடிக்கத் தெரிந்த இரண்டு பையன்களை முன்னாலேயே பழக்கிவையுங்கள். புடவையில் பிடித்தால் ஓடவிடாதீர்கள். தரையில் படுக்கவைத்து நனைத்த சாக்கால் போர்த்துங்கள்.

மைக்கில் "தீ" என்று கத்தக் கூடாது. "குழந்தைகளோடு நிற்பவர்கள் முதலில், கிழக்கு வாசல் வழியாக வெளியே வாருங்கள்" என்று நிதானமாகச் சொல்ல ஒருவரை நியமியுங்கள். உள்ளூர் தீயணைப்பு நிலையத்தில் முன்கூட்டியே மனு கொடுங்கள். அவசரத்துக்கு எண் 101. வண்டி நுழையும் தெருவில் அன்று பைக் நிறுத்த விடாதீர்கள், தர்மகர்த்தா வீட்டு வண்டியானாலும் சரி.