புளி எப்போது ஊற்றுவது? கத்தரிக்காய் கேள்வி-பதில்

கேள்வி: எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தால் ஒரு நாள் காய் கரைந்து போகிறது, இன்னொரு நாள் தோல் ரப்பர் மாதிரி இழுக்கிறது. பதமாக வர என்ன வழி?
- வாசகி, நெல்லிக்குப்பம்

தோல் இழுப்பது புளி சீக்கிரம் விழுவதால். புளிப்பு பட்ட காய் அதற்கு மேல் லேசில் வேகாது. அதற்குப் பயந்து காயை முன்னாலேயே தண்ணீரில் அவித்துவிட்டால் குழம்பில் கரையும். தோலின் ஊதா நிறமும் தண்ணீரோடு போய்விடும். எண்ணெயிலேயே முக்கால் பதம் வேகவைத்து எடுப்பதுதான் வழி. "எண்ணெய்க் கத்தரிக்காய்" என்று சொல்லிவிட்டு இரண்டு கரண்டி எண்ணெயில் முடிக்கப் பார்த்தால் நடக்காது.

விரல் நீளத்துக்கு மேற்படாத பிஞ்சுக்காய் கால் கிலோ எடுங்கள். காம்பை நறுக்கிவிடாமல், அடியிலிருந்து நான்காகக் கீறுங்கள். காம்புக்கு அரை அங்குலம் முன்னாலேயே கத்தி நின்றுவிட வேண்டும். கீறிய கையோடு உப்புத் தண்ணீரில் போட்டால் கறுக்காது. வதக்கும் முன் ஈரம் போகத் துணியால் துடையுங்கள். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் தெறிக்கும், காயும் வதங்காமல் புழுங்கும்.

நல்லெண்ணெய் 5 மேஜைக்கரண்டி, மிதமான தீ. மூடி போட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் திருப்பிவிட்டு 8 முதல் 10 நிமிடம் வதக்குங்கள். தோல் சுருங்கி, காம்புக்குப் பக்கத்தில் கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் காயைத் தனியே எடுத்து வையுங்கள்.

மசாலாவுக்கு: மல்லி 2 மேஜைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 6, கடலைப்பருப்பு 1 மேஜைக்கரண்டி, தேங்காய்த் துருவல் 3 மேஜைக்கரண்டி. வறுத்து நைசாக அரையுங்கள். இதோடு பண்ருட்டி முந்திரி உடைசல் ஒரு மேஜைக்கரண்டி சேர்த்தால் குழம்பு வழவழப்பாக வரும். அதற்கு மேல் போனால் அடி பிடிக்கும்.

காய் வதக்கிய எண்ணெயிலேயே வெந்தயம் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் 15, பூண்டு 8 பல், தக்காளி ஒன்று. கடுகுக்குப் பதில் தாளிப்பு வடகம் ஒரு தேக்கரண்டி போட்டால் நம் கடலூர், புதுச்சேரிப் பக்கத்து வாசனை வந்துவிடும். வடகத்தில் வெங்காயமும் பூண்டும் இருப்பதால் சட்டெனக் கருகும். தீயைக் குறைத்துக்கொண்டு போடுங்கள். பிறகு சின்ன எலுமிச்சை அளவு புளியை இரண்டரை கப் தண்ணீரில் கரைத்து ஊற்றி, மஞ்சள்தூள், உப்பு சேர்த்துப் பச்சை வாசனை போகப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். அரைத்ததைச் சேர்த்து, எண்ணெய் மிதந்து வரும்போது காயை இறக்கி, சிறு தீயில் ஐந்து நிமிடம். கரண்டி போட்டுக் கிண்டாதீர்கள். சட்டியைப் பிடித்து அசைத்துவிட்டால் போதும்.

கேள்வி: சிதம்பரத்தில் சாப்பிட்ட கத்தரிக்காய் கொத்சு வீட்டில் வரவில்லை. புளிக்குழம்பு போல ஆகிவிடுகிறது.
- வாசகர், லாஸ்பேட்டை

தண்ணீர் கூடிவிட்டது, காயை மசிக்கவில்லை. கொத்சில் காய் துண்டாகத் தெரியக் கூடாது.

கத்தரிக்காய் 300 கிராம், சிறு துண்டுகளாக. நல்லெண்ணெய் 4 மேஜைக்கரண்டியில் கடுகு தாளித்து, காயைப் போட்டு மூடி, தண்ணீர் விடாமல் குழைய வதக்குங்கள். 12 நிமிடம் வரை ஆகும். அடுப்பிலேயே மத்தால் மசித்துவிடுங்கள். அதன் பிறகுதான் புளி, அதுவும் பெரிய நெல்லிக்காய் அளவு, ஒரு கப் தண்ணீரில். ஏழெட்டு நிமிடம் கொதிக்கட்டும்.

பொடிக்கு மல்லி 2 மேஜைக்கரண்டி, கடலைப்பருப்பு 1 மேஜைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 6, சுண்டைக்காய் அளவு கட்டிப் பெருங்காயம். எண்ணெயில் தனித்தனியாகச் சிவக்க வறுத்து, கொரகொரப்பாகப் பொடித்துக் கடைசியில் தூவுங்கள். கடலைப்பருப்பால் கொத்சு உடனே இறுக ஆரம்பிக்கும் என்பதால் மூன்று நிமிடத்தில் இறக்கிவிடலாம். முன்னாலேயே போட்டால் வாசனையும் போகும், அடியும் பிடிக்கும்.

நடராஜர் கோயில் பிரசாத முறையில் வெங்காயம், பூண்டு, தக்காளி கிடையாது. துணைக்கு மிளகும் சீரகமும் நெய்யில் பொரித்துப் போட்ட சம்பா சாதம். பாசிப்பருப்பு போட்டு இட்லிக்குச் செய்யும் கொத்சு வேறு, அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஓட்டையே இல்லாத காயாகப் பொறுக்கி வாங்கினாலும் உள்ளே புழு இருக்கிறதே?
- வாசகி, பாகூர்

காய்த்துளைப்பான் புழு முட்டையிலிருந்து வெளிவந்த உடனே, மயிரிழை அளவு இருக்கும்போதே, பெரும்பாலும் காம்புத் தொப்பிக்கு அடியில் நுழைந்துவிடும். நுழைந்த துளை மூடிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியும் பெரிய ஓட்டை, வளர்ந்த புழு வெளியேறிய வழி. அதனால் ஓட்டையை மட்டும் பார்த்துப் பயனில்லை. முழுதாகச் சமைக்கும் காயைக் கீறியதும் நான்கு பிளவையும் விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்புத் தடமோ எச்சமோ இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

மற்றபடி காம்பு பச்சையாக, தோல் மினுமினுப்பாக, அழுத்தினால் பள்ளம் நிற்காமல் எழும்பி வர வேண்டும். மினுமினுப்பு போன காய் முற்றியது. அதன் விதையைச் சுற்றித்தான் கசப்பு.

கேள்வி: நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வைத்தால் உப்பு தூக்கலாகிறது, கருவாடும் உதிர்ந்துவிடுகிறது.
- வாசகி, பரங்கிப்பேட்டை

கால் கிலோ கத்தரிக்காய்க்கு 50 கிராம் நெத்திலி போதும். தலையைக் கிள்ளிவிட்டு, வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, மணல் போக மூன்று தண்ணீரில் அலசுங்கள். காயை எண்ணெயில் வதக்கி, புளியும் மிளகாய்த்தூளும் கொதித்து, காய் வெந்த பிறகு நெத்திலியைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் ஆகிவிடும். குழம்புக்கு அதுவரை உப்பே போடாதீர்கள். கருவாட்டு உப்பு இறங்கிய பிறகு ருசி பார்த்துத் தேவையானால் சேர்க்கலாம். சுறா, வஞ்சிரம் போன்ற கனத்த துண்டுகள் என்றால் கால் மணி நேரம் முன்னதாகப் போட வேண்டும்.

பலா சீசனில் பலாக்கொட்டை நாலைந்து சேர்த்தால் இந்தக் குழம்புக்கு ஈடே இல்லை. மேல் தோலை உரித்து, தட்டி, தனியே வேகவைத்த பிறகே சேர்க்க வேண்டும். புளித்தண்ணீரில் பலாக்கொட்டை எத்தனை நேரம் கொதித்தாலும் கடுக்கென்றுதான் இருக்கும்.

கேள்வி: இண்டக்ஷன் அடுப்பில் கத்தரிக்காய் சுட முடியுமா?
- வாசகர், வில்லியனூர்

நேரடியாக முடியாது. இரும்புத் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிய காயை வைத்து, மூடி கவிழ்த்து, திருப்பித் திருப்பி 25 நிமிடம் வாட்டலாம். துவையலுக்குப் பதம் வரும், புகை வாசனை வராது. எந்த அடுப்பானாலும் ஏழெட்டு இடத்தில் குத்திவிட்டு வையுங்கள், உள்ளே நீராவி அடைத்தால் காய் வெடிக்கும். கேஸில் சுட்ட காயைக் குழாயடியில் கழுவி உரிக்க வேண்டாம். கையை நனைத்துக்கொண்டு உரித்தால் வாசனை தங்கும்.

கேள்வி: கத்தரிக்காய், தக்காளியெல்லாம் சேரும் பிரெஞ்சுக் காய்கறிப் பதார்த்தமான ரத்தத்தூய் செய்தேன். எண்ணெய் முழுவதையும் கத்தரிக்காயே குடித்துவிட்டது. அதில் சேரும் கூர்ஜெட்டுக்கு (சுக்கினி) மாற்று உண்டா?
- வாசகி, முத்தியால்பேட்டை

கத்தரிக்காய்ச் சதைக்குள் காற்றறைகள் அதிகம், அவற்றில்தான் எண்ணெய் புகுகிறது. ஒரு அங்குலத் துண்டுகளில் உப்புப் பிசிறி 20 நிமிடம் வைத்துப் பிழிந்தால் அந்த அறைகள் அமுங்கிவிடும். இதற்குப் பெரிய கத்தரிக்காய்தான் சரி.

காய்களைத் தனித்தனியாக வதக்கி எடுத்து, தக்காளி, பூண்டு, வெங்காயம் சுண்டிய பிறகு ஒன்றுசேருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் கூட்டு ஆகிவிடும். நம் தக்காளியும் புளிப்பு என்பதால் இங்கேயும் காய் முதலில் வெந்திருக்க வேண்டும். கூர்ஜெட்டுக்குப் பதில் பிஞ்சுச் சுரைக்காய் பொருந்தும், பீர்க்கங்காய் தண்ணீர் விட்டுக் குழைந்துவிடும்.

கேள்வி: ஃபிரிட்ஜில் வைத்த கத்தரிக்காயில் விதை பழுப்பாகிவிடுகிறது. சமைக்கலாமா?
- வாசகர், கடலூர் முதுநகர்

நாற்றமோ கொழகொழப்போ இல்லையென்றால் சமைக்கலாம். குளிர் தாங்காத காய் அது. விதை கறுக்கும், தோலில் குழி விழும். துணிப்பையில் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். ஏற்கெனவே பழுப்பு நிறம் வந்ததைக் கொத்சுக்குப் போட்டுவிடலாம், மசித்த பிறகு தெரியாது.