ஜீன் ஜூகன்: தான் தொடங்கிய மடத்தில் யாரென்று தெரியாமல் வாழ்ந்தவர்

துறவற சபை தொடங்கிய புனிதர்களில் உங்கள் மனதைத் தொட்டவர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் அன்னை தெரசாவையோ தொன் போஸ்கோவையோ சொல்வார்கள். எனக்கு ஜீன் ஜூகன்.

அதற்குக் காரணம் என் பாட்டி. கடைசி இரண்டு வருஷம் படுத்த படுக்கையாக இருந்தார். அவரைத் தூக்கி உட்காரவைக்கவே இரண்டு பேர் வேண்டும். பாசத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் ராத்திரி மூன்றாம் முறை கூப்பிடும்போது எழுந்திருக்க உடம்பு கேட்காது. அதனால்தான் 1839 குளிர்காலத்தில் ஜீன் செய்த காரியத்தின் கனம் எனக்குப் புரிகிறது.

பிரான்ஸின் பிரிட்டனி கடற்கரையில், கான்கால் என்ற ஊரில் 1792-இல் பிறந்தவர் அவர். மீனவக் குடும்பம். அப்பா கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. பதினாறு வயதில் ஒரு பெரிய வீட்டில் சமையலறை வேலை, அப்புறம் மருத்துவமனையில் ஊழியம். 47 வயதில் சேன் சேர்வான் ஊரில் சின்ன வாடகை வீட்டில் இருந்தபோதுதான், ஆதரவற்ற ஆன் ஷோவான் என்ற மூதாட்டியை வீட்டுக்கு எடுத்து வந்தார். பார்வை கிடையாது, பாதி உடம்பு செயலிழந்துவிட்டது. அவரை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏறி, தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தான் பரணில் போய்ப் படுத்தார். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

இன்னும் முதியவர்கள் வந்தார்கள், உதவ சில பெண்கள் சேர்ந்தார்கள். முதியவர்களில் பலர் அதுவரை பிச்சை எடுத்துப் பிழைத்தவர்கள். இனி நீங்கள் போக வேண்டாம், உங்களுக்காக நான் போகிறேன் என்று ஜீனே கூடையை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகக் கேட்டார். 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை பிறந்தது இப்படித்தான்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாது. 1843 டிசம்பரில் சகோதரிகள் அவரை மறுபடியும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சபைக்கு வழிகாட்டியாக இருந்த இளம் கத்தோலிக்கக் குருவான (பாதிரியார்) லெ பையர் அந்தத் தேர்தலைச் செல்லாது என்று சொல்லி, வேறொரு சகோதரியைத் தலைவியாக்கினார். நாளடைவில் சபையைத் தொடங்கியவரே தான்தான் என்று வரலாற்றையும் மாற்றினார். 1852-இல் ஜீனை வெளிவேலைகளிலிருந்து நிறுத்தி மடத்துக்குள் இருத்திவிட்டார்கள். சாகும்வரை 27 வருஷம்! கூடவே இருந்த இளம் நவகன்னியர்களுக்கு (துறவறப் பயிற்சியில் இருந்த பெண்களுக்கு), கைத்தடியோடு நடக்கும் இந்தப் பாட்டிதான் சபையைத் தொடங்கியவர் என்பது தெரியாது.

அவர் ஏமாளி அல்ல. "என் பணியை என்னிடமிருந்து திருடிவிட்டீர்கள், ஆனாலும் மனமுவந்து உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன்" என்று அந்தக் குருவிடமே சொன்னதாகச் சொல்வார்கள். நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது இந்த வார்த்தைகளைத்தான். நடந்தது திருட்டு என்று பெயர் சொல்லிவிட்டார். ஆனால் பதவிக்குச் சண்டை போட்டால் படுக்கையில் கிடக்கும் முதியவர்கள் பாடு என்ன ஆகும்? அதற்காகத்தான் விட்டார் என்றே நான் நம்புகிறேன். 1865-இல் சபைக்கு நிரந்தர வருமானம் தரும் சொத்துகளை ஏற்கலாமா என்ற கேள்வி வந்தபோது அவரிடமும் கருத்துக் கேட்டார்கள். வேண்டாம், கடவுளையும் மக்களின் கொடையையும் நம்பியே இருப்போம் என்றார். சபை அதையே முடிவாக எடுத்தது.

1879-இல் அவர் இறந்தபோது சபையில் சுமார் 2,400 சகோதரிகள். 1890-இல் ரோமில் உள்ள திருச்சபைத் தலைமையின் விசாரணைக்குப் பிறகு லெ பையர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். சபையைத் தொடங்கியவர் யார் என்பதற்குச் சான்று முன்பே இருந்தது. ஜீன் தலைவி பதவியை இழந்த பிறகு, 1845-இல், பிரெஞ்சு அகாதெமி அவருடைய சேவைக்கு ஒரு பரிசு கொடுத்திருந்தது. அதற்காக ஊர்ப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்த சான்றிதழில், இதைத் தொடங்கியவர் ஜீன்தான் என்பது தெளிவாக இருந்தது. 1982-இல் அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி), 2009-இல் புனிதர் பட்டம்.

1882-லேயே கொல்கத்தாவுக்கு வந்துவிட்ட சபை இது. சென்னையிலும் அவர்களுடைய முதியோர் இல்லம் இருக்கிறது. முதியவர்களுக்காகக் கடைகளிலும் சந்தைகளிலும் போய்க் கேட்கும் வழக்கத்தைச் சகோதரிகள் இன்றுவரை விடவில்லை.