வெளிநாட்டில் படிக்கும்போது ஊர் சுற்றுவது வீண் செலவா? பிரிவை எப்படிச் சமாளித்தீர்கள்?

கேள்வி: "சேலத்திலிருந்து ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கப் போகிறேன். கல்விக் கடன் வாங்கியிருக்கிறோம். அங்கே போய் ஊர் சுற்றுவது வீண் செலவு என்கிறார்கள். வீட்டை விட்டுப் பிரிவதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

"என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஆட்களை எனக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அது சித்தப்பா. உங்கள் வீட்டில் மாமாவாக இருக்கலாம், எதிர்வீட்டு ரிடையர்டு வாத்தியாராக இருக்கலாம். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்குள் ரொம்ப நாளாகக் கிடக்கிறது. அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகக் கேட்டால்: சுற்றுங்கள். கையில் இருக்கிற காசுக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சுற்றுங்கள்.

நானும் சேலம்தான், அம்மாப்பேட்டைக்காரி. அப்பாவுக்குச் சின்னதாக ஒரு தறிக்கூடம், நாலு விசைத்தறி. 2021 செப்டம்பரில் கெம்னிட்ஸ் என்ற ஊருக்கு ஆட்டோமோட்டிவ் சாஃப்ட்வேர் படிக்கப் போனேன். ஜெர்மனியின் கிழக்கே, செக் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். அரசுப் பல்கலைக்கழகம், அப்போது அங்கே படிப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை, செமஸ்டருக்கு ஒரு தொகை கட்டினால் போதும். ஆனால் விசா வாங்கும் முன்பே ஒரு வருடச் செலவுப் பணத்தை முடக்கக் கணக்கில் (blocked account) போட்டுக் காட்ட வேண்டும். அப்போது அது 10,332 யூரோ, நம் பணத்தில் ஒன்பது லட்சத்துக்குக் கிட்டத்தட்ட. 2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ ஆகிவிட்டது, உங்களுக்கு இன்னும் கஷ்டம்தான். அங்கே போன பிறகு அந்தப் பணம் மாதாமாதம் பிரித்துக் கைக்கு வரும். எனக்கு 861 யூரோ வந்தது. வாடகையும் இன்சூரன்சும் அதில் பாதிக்கு மேல் தின்றுவிடும். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், "வசதியான வீட்டுப் பெண், ஊர் சுற்றியிருக்கிறாள்" என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது.

வீட்டைப் பிரிகிற விஷயம். பெட்டியை நூல் நிறுக்கிற தராசில் வைத்துதான் எடை பார்த்தோம். ஒரு பெட்டிக்கு 23 கிலோ. அம்மா பருப்புப் பொடியை உள்ளே வைப்பார், அப்பா முள்ளைப் பார்த்துவிட்டு என் ஸ்வெட்டரை வெளியே எடுப்பார். "அங்க குளிரும்ப்பா" என்றால், "அங்க ஸ்வெட்டர் கிடைக்கும், பருப்புப் பொடி கிடைக்குமா?" என்று அம்மா. கோட்டை மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, டெம்போ டிராவலரில் சொந்தபந்தம் எல்லாம் ஏறிப் பெங்களூருக்குக் கிளம்பினோம். தொப்பூர் கணவாய் ஏறும்போதே பெரியம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

அவ்வளவு தூரம் வந்து என்ன பயன்? விமான நிலையத்தில் டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விட மாட்டார்கள். வாசலில் காவலர் பாஸ்போர்ட்டைக் கேட்கிறார், பின்னால் நிற்கிறவர் டிராலியால் குதிகாலில் இடிக்கிறார். அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, என் கையைப் பிடித்து "போயிட்டு வா கண்ணு" என்று சொல்லி முடிப்பதற்குள் நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். அழுகை வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கியதும் வீடியோ காலில் எல்லோரையும் பார்த்துவிட்டேன். பின்னால் தறிச் சத்தம்கூடக் கேட்டது. வீடு வீட்டிலேயேதான் இருக்கும், அதற்கு நீங்கள் இவ்வளவு பயப்பட வேண்டாம்.

அடுத்த ஆறேழு மாதம் நான் ஒரு காசு அநாவசியமாகச் செலவு செய்யவில்லை. கொரோனாவால் பாதி வகுப்புகள் ஆன்லைன். கெம்னிட்ஸ் இருக்கிற சாக்சனி மாநிலத்தில் அந்த வருடம் கிறிஸ்துமஸ் சந்தைகளையே ரத்து செய்துவிட்டார்கள். டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அறை, லேப்டாப், சாதம், பருப்புப் பொடி. சித்தப்பா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். ஆனால் அந்த ஊரில் என்னை ஒரு ஆளுக்கும் தெரியாது. பொதுச் சமையலறையில் எதிரே நின்று முட்டை பொரிக்கும் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. நான் பேச்சுக் குறைந்தவள் அல்ல, அம்மாப்பேட்டையில் விசாரித்துப் பாருங்கள்.

அதை மாற்றியது ஒரு ரயில் டிக்கெட். 2022 ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் ஜெர்மன் அரசு மாதம் 9 யூரோவுக்கு ஒரு டிக்கெட் விட்டது. நாடு முழுக்க லோக்கல் வண்டி, டிராம், பஸ் எதிலும் ஏறலாம். விரைவு ரயிலில் மட்டும் ஏறக் கூடாது. விலைவாசி ஏறியதற்கு நிவாரணமாகக் கொடுத்தது. அந்த முட்டை பொரிக்கும் பெண் ஒரு நாள் சமையலறையில் என்னைப் பார்த்து, "ஞாயிற்றுக்கிழமை டிரெஸ்டன் பக்கம் போகிறேன், வருகிறாயா?" என்று கேட்டாள். இரான்காரி, அஹ்வாஸ் ஊர். எல்பே ஆற்றங்கரையில் பாஸ்டை என்று ஒரு இடம், பாறைகள் தூண் தூணாக நிற்கும், நடுவே 1851-ல் கட்டிய கல்பாலம். ராத்தன் ஸ்டேஷனில் இறங்கி, படகில் ஆற்றைக் கடந்து, ஏற வேண்டும். மேலே உட்கார்ந்து புளிசாதம் பிரித்தேன். அவள் ஒரு வாய் தின்றுவிட்டு, எங்கள் ஊரில் மீன் குழம்புக்குப் புளி போடுவோம் என்றாள். இரானின் தெற்கில் அப்படி ஒரு குழம்பு உண்டாம், கலியே மாஹி என்று பெயர். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு.

அப்புறம் ஹாம்பர்க். லோக்கல் வண்டியிலேயே. லைப்சிக்கில் மாறி, மாக்டபர்க்கில் மாறி, யூல்ட்சனில் மாறி. எங்களோடு பக்கத்து அறைக் கொலம்பியாக்காரனும் வந்தான். சைக்கிள் வைக்கிற பெட்டியில் தரையில் உட்கார்ந்து போனோம், அந்தக் கோடையில் எல்லா வண்டியும் அப்படித்தான். விரைவு ரயிலில் சில மணி நேரத்தில் போகிற தூரத்துக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. ஒரு பகல் முழுக்கத் தரையில் சேர்ந்து உட்கார்ந்தவர்கள் பிறகு பேசாமல் இருக்க முடியாது.

இப்போது சித்தப்பா விவகாரம். செக் நாட்டுத் தலைநகர் பிராக் எங்களுக்குப் பக்கம், பஸ்ஸில் போய்விடலாம். அங்கே சார்லஸ் பாலத்தில் நின்று எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைத்தேன். அதே வாரம் அம்மாயிக்கு மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். "படிக்கிற புள்ளைக்கு எதுக்குச் சொல்லணும்" என்று அம்மா எனக்குச் சொல்லவே இல்லை. ஆனால் சொந்தக்காரர்கள் எல்லோரும் படத்தைப் பார்த்துவிட்டார்கள். "கிழவி ஆக்சிஜன்ல கிடக்கு, பேத்தி அப்பன் காசுல பாலத்துல நிக்கிறா" என்று சித்தப்பா ஒரு கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறார். அப்பா காதில் விழுகிற மாதிரி.

ஒன்று, எனக்குத் தெரியாது. இரண்டு, அது அப்பன் காசு இல்லை. மாணவர்கள் வருடத்துக்கு 120 முழு நாள் வேலை செய்ய அப்போது அனுமதி இருந்தது, இப்போது 140 ஆக்கிவிட்டார்கள். நான் ஒரு பேக்கரியில் காலை ஷிஃப்ட் பார்த்தேன். 2022 அக்டோபரில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 யூரோ ஆனது. பிராக் பஸ்ஸும் அங்கே தங்கிய செலவும் அந்தப் பணம். எக்செல் கணக்கு இன்னும் வைத்திருக்கிறேன், யாருக்காவது வேண்டுமென்றால் அனுப்புகிறேன். மூன்று, அம்மாயி பிழைத்து வந்து இன்றைக்கும் செவ்வாய்ப்பேட்டை வரை நடந்து போய்க் காய் வாங்குகிறார். என்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. "அந்தப் பாலத்துல பொம்மையெல்லாம் நிக்குதே, என்ன சாமி அது?" என்றுதான் கேட்டார்.

அதே படத்தை என் தம்பி வைத்திருந்தால் "பையன் உலகம் பார்க்கிறான்" என்றிருப்பார்கள். சரி, அதை விடுங்கள்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கெம்னிட்ஸ் ஒரு காலத்தில் தறி மெஷின் செய்த ஊர், சாக்சனியின் மான்செஸ்டர் என்பார்கள். பழைய வார்ப்புப் பட்டறை ஒன்றைத் தொழில் அருங்காட்சியகம் ஆக்கி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து வீடியோ கால் போட்டு ஒரு பழைய தறியைக் காட்டினேன். அப்பா அங்கே தன் தறிகளை நிறுத்திவிட்டு, "கிட்டக் கொண்டு போ, நாடாப் பெட்டிகிட்ட கொண்டு போ" என்றார். வேலைக்காரர்கள் எல்லோரும் போனைச் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரம் தறி வேலை கெட்டிருக்கும். அதற்குப் பிறகு அவரே "அடுத்து எங்க போற?" என்று கேட்க ஆரம்பித்தார்.

பிரிவு என்று நீங்கள் பயப்படுகிறீர்களே, அது அங்கே, படிப்பு முடிகிற நேரத்தில்தான் இருக்கிறது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரே மாடியில் குடித்தனம் மாதிரி இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். ஒருவருக்கு முனிச்சில் வேலை, ஒருவருக்கு விசா முடிந்துவிடும், ஒருவர் சொல்லாமலே காலி செய்துவிடுவார். விடுதி அறையை ஒப்படைக்கும்போது ஒரு சுவர் கறை இருக்கக் கூடாது, அடுப்பு பளபளக்க வேண்டும். என் மஞ்சள் கறையை மூன்று பேர் உட்கார்ந்து சுரண்டினோம், முழுசாகப் போகவில்லை.

ஊர் நடுவில் கார்ல் மார்க்ஸின் தலை மட்டும் ஏழு மீட்டர் உயரத்துக்கு வெண்கலத்தில் இருக்கும், 1971-ல் வைத்தது. 1953-லிருந்து 1990 வரை ஊரின் பெயரே கார்ல் மார்க்ஸ் நகரம்தான். கிளம்புகிறவர்கள் எல்லோரும் அதன் கீழே நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். இரான்காரிக்கு ஸ்டுட்கார்ட்டில் வேலை கிடைத்துக் கிளம்பிய நாள், நாங்களும் எடுத்தோம். அங்கே பிளாட்பாரத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், ரயில் கதவு வரை கூட நிற்கலாம். பெங்களூர் மாதிரி கண்ணாடி இல்லை. அது நல்லது என்றுதான் நினைத்தேன். கட்டிப்பிடித்து, அழுது, பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்த பிறகு அறிவிப்பு வந்தது: லைப்சிக் வண்டி அரைமணி தாமதம். அந்தப் பாதையில் பாதி தூரம் ஒற்றைத் தண்டவாளம், தாமதம் சகஜம். விடைபெற்று முடித்த ஆளோடு அரைமணி நேரம் என்ன பேசுவது? அவள் பெட்டியின் சக்கரம் ஒரு பக்கம் ஆடுவதைப் பற்றிப் பேசினோம். வண்டி வந்ததும் திரும்ப முதலிலிருந்து அழுதோம். அன்றைக்கு அறைக்குப் போய்ச் சாப்பிடவில்லை. சேலத்தை விட்டு வந்த அன்றுகூட விமானத்தில் கொடுத்ததை முழுசாகத் தின்றவள் நான்.

முதல் ஆறு மாதம் மாதிரியே முழுக்க இருந்திருந்தால் அந்த அழுகை மிச்சம்தான், ஒத்துக்கொள்கிறேன். காசும் கொஞ்சம் மிச்சமாகியிருக்கும்.

அந்த இரான்காரி கடந்த மே மாதம் சேலம் வந்தாள். ஏற்காடு கூட்டிப் போனோம். ஐயோ, அந்தக் கதையை எங்கேயாவது கொட்ட வேண்டும், இங்கேயே கொட்டிவிடுகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவு, அதில் பாதி தாண்டுவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. வெளியூர்க் கார்கள் வளைவிலேயே நிறுத்திவிட்டு செல்ஃபி எடுக்கிறார்கள், குரங்குக்கு சிப்ஸ் போட்டுவிட்டுக் கவரைப் பள்ளத்தில் எறிகிறார்கள். குப்பனூர் வழி ஒன்று இருக்கிறது, கோடை விடுமுறையில் வண்டிகளைப் பிரித்து அனுப்ப ஒரு ஆளைப் போடக் கூடாதா? 1820-களிலேயே கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டுவந்த மலை, அந்தக் காபிக்காவது மரியாதை வேண்டாமா? அவளுக்கு அதெல்லாம் தெரியவில்லை. சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடியைப் பார்த்து, இது மிளகா, மிளகு இப்படியா காய்க்கும் என்று நின்றுவிட்டாள். அம்மாயி அவளுக்குத் தட்டுவடை செட் ஊட்டிவிட்டார்.

"எல்லாருக்கும் இப்படி அமையாது, கடன்தான் முக்கியம்" என்று யாராவது எழுதுவார்கள். கடன் முக்கியம்தான். நான் 2024-ல் திரும்பி வந்து ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். "அங்கேயே செட்டில் ஆகாம ஏன் வந்தாள்" என்பது சித்தப்பாவின் அடுத்த தலைப்பு, அதற்குத் தனிக் கேள்வி போடுங்கள், பதில் எழுதுகிறேன்.

உங்களுக்கு உடனே தேவைப்படுவது: குக்கர் கொண்டு போகாதீர்கள், எடை வீண். கிளம்புகிற சீனியர் யாராவது கொடுத்துவிட்டுப் போவார்கள், நானும் அப்படி வாங்கி அப்படியே ஒரு திருச்செங்கோட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். கேஸ்கட் மட்டும் இங்கிருந்தே இரண்டு வாங்கிப் போங்கள். அளவு கேட்டுவிட்டு வாங்குங்கள், அங்கே அது லேசில் கிடைக்காது.