கோபத்தைவிட வெட்கமே எனக்கு அதிகச் செலவு வைத்தது

தொழில் சார்ந்த முடிவுகளில் உணர்ச்சிகள் அறிவை மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறிய தொழிற்கூடம் ஒன்றை 16 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஆகவே இந்தப் பதிலில் படித்துத் தெரிந்துகொண்டதும் பட்டுத் தெரிந்துகொண்டதும் கலந்தே இருக்கும்.

இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் பெரும்பாலோர் முதலில் பேசுவது கோபத்தைப் பற்றித்தான். ஆத்திரத்தில் எதையும் முடிவு செய்யாதே, ஒரு நாள் ஆறப்போடு என்பார்கள். அதில் பிழையில்லை. ஆனால் எந்த உணர்ச்சியால் எனக்கு எவ்வளவு நட்டம் வந்தது என்று பழைய கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒருமுறை பார்த்தபோது, கோபத்தின் பங்கு மிகவும் சிறியதாகவே இருந்தது. கோபம் வந்திருப்பது நமக்கும் தெரியும், எதிரில் இருப்பவருக்கும் தெரியும்; யாராவது ஒருவர் குறுக்கே வந்து தடுத்துவிடுவார். நான் எடுத்த முடிவு தவறு என்று பிறர் முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்குமே என்ற வெட்கம் அப்படி முகத்தில் தெரிவதில்லை. அது பொறுமை என்ற பெயரில் வரும், விடாமுயற்சி என்ற பெயரில் வரும், சில நேரங்களில் கூட்டல் கழித்தலோடு கணக்கு போலவே வந்து உட்காரும்.

எனக்கு அது ஓர் இயந்திரத்தின் உருவில் வந்தது. பெட்டிகளை மடித்து ஒட்டும் பழைய இயந்திரம் ஒன்று விலைக்கு வந்தபோது, எங்கள் மேற்பார்வையாளரும் கணக்கரும் வேண்டாம் என்றார்கள், நான் வாங்கினேன். காலையில் ஓட்டத் தொடங்கினால் பசை சூடாகிச் சீராக வருவதற்குள் முதல் இருநூறு பெட்டிகள் வீண். அதற்குப் பிறகு ஒட்டியவற்றிலும் சில, அடுக்கி வைத்த மறுநாள், ஓரத்தில் வாய் பிளந்துகொண்டு நிற்கும். பசை உருளையை மாற்றினோம், பட்டைகளை மாற்றினோம், பிறகு மோட்டாரையே மாற்றினோம். ஒவ்வொரு செலவும் இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் சிறியதுதான். "இவ்வளவு போட்டாயிற்று, இதையும் போட்டுப் பார்த்துவிடலாம்" என்ற ஒரே வாக்கியத்தை 11 மாதங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன். சூதாட்டத்தில் விட்டதை விட்ட இடத்திலேயே பிடிக்கப் பார்ப்பவனும் இதைத்தானே சொல்கிறான்.

ஒரு மாலை எங்கள் கணக்கர், என்னைவிட மூத்தவர், பழுதுச் செலவுச் சீட்டுகளை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்த இயந்திரம் நம்மிடம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒருவர் இதே நிலையில் இதைக் கொண்டுவந்து சும்மாவே தருகிறேன் என்கிறார். வாங்கி உள்ளே வைப்பீர்களா?" அது பிடித்துக்கொண்டிருக்கும் இடம், அதற்கென்றே நிற்கும் இரண்டு ஆட்கள், நாள்தோறும் கழிவுக்குப் போகும் அட்டை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வைக்க மாட்டேன் என்றேன். அப்படிச் சொன்ன பிறகும் அதை விற்பதற்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். அந்த மூன்று வாரத்தில் எனக்குப் புதிதாக எந்தத் தகவலும் கிடைத்துவிடவில்லை.

பொருளியலில் இதை மூழ்கிய செலவு என்பார்கள். எந்த முடிவாலும் திரும்பி வராத பணம், அடுத்த முடிவின் கணக்கில் சேரக் கூடாது என்பது அதன் விதி. விதி எளிமையானது, அதைக் கடைப்பிடிப்பதுதான் கடினம். 1976-இல் பேரி ஸ்டா என்ற ஆய்வாளர் வணிகவியல் மாணவர்களை ஒரு நிறுவனத்தின் நிர்வாகிகளாக நடிக்க வைத்து, இரண்டு பிரிவுகளில் ஒன்றுக்குப் பணம் ஒதுக்கச் சொன்னார். அந்தப் பிரிவு பின்னர் சரிந்துவிட்டதாகச் சொல்லப்பட்டபோது, அதைத் தாமே தேர்ந்தெடுத்திருந்தவர்கள், வேறொருவர் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லப்பட்டவர்களைவிட அதிகப் பணத்தை மறுபடியும் அதே பிரிவுக்கு ஒதுக்கினார்கள். வேறுபாடு, முதல் முடிவு யாருடையது என்பதில் மட்டுமே. இதைப் படித்தபோது என் இயந்திரத்தை எனக்கு முன்பே அங்கு யாரோ எழுதி வைத்திருப்பது போலிருந்தது.

இதனோடு சேர்ந்து வேலை செய்வது இழப்பின் மீதான அச்சம். டேனியல் கானமன், ஏமாஸ் ட்வெர்ஸ்கி ஆகிய உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, ஒரு தொகையைப் பெறுவதில் வரும் மகிழ்ச்சியைவிட அதே தொகையை இழப்பதில் வரும் வலி கூடுதலானது. 1992-இல் அவர்கள் செய்த மதிப்பீட்டில் இது ஏறத்தாழ இரண்டேகால் மடங்காக இருந்தது. நட்டத்தை நட்டம் என்று எழுதி மூடும் அந்த ஒரு நாளின் வலியைத் தள்ளிப்போடவே, மாதாமாதம் சிறு சிறு நட்டங்களுக்கு நாம் சம்மதிக்கிறோம்.

என் கணக்கர் கேட்ட கேள்வியைப் போன்ற ஒன்று மிகப் பெரிய இடத்திலும் கேட்கப்பட்டிருக்கிறது. 1968-இல் தொடங்கப்பட்ட இன்டெல் நிறுவனம், கணினிகளில் தரவைத் தேக்கி வைக்கும் நினைவகச் சில்லுகளால் வளர்ந்தது. 1980-களில் ஜப்பானிய நிறுவனங்கள் அந்தச் சந்தையைப் பிடித்துக்கொண்டபோதும், அந்தப் பொருளே தங்கள் அடையாளம் என்பதால் விட்டு வெளியேற மனம் வரவில்லை. 1985-இல் அங்கே உயர் நிர்வாகியாக இருந்த ஆண்ட்ரூ குரோவ், தம் தலைமை அதிகாரி கார்டன் மூரிடம், "நம்மை நீக்கிவிட்டு இயக்குநர் குழு புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால், அவர் என்ன செய்வார்?" என்று கேட்டார். நினைவகச் சில்லுகளை விட்டு வெளியேறுவார் என்று மூர் தயங்காமல் சொன்னார். அப்படியானால் நாமே வாசலுக்கு வெளியே போய், திரும்பி உள்ளே வந்து அதைச் செய்தால் என்ன என்பது குரோவின் அடுத்த கேள்வி. செய்தார்கள். அதன் பிறகும் உடன் பணியாற்றியவர்களிடம் இதைத் தடுமாறாமல் சொல்வதற்குத் தமக்கு வாய் வரவில்லை என்று குரோவே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். என்னுடைய மூன்று வாரத்தை நினைத்து நான் கொஞ்சம் ஆறுதல் அடைந்தது இங்கேதான்.

இந்தக் கேள்வியின் பலம் எதில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். உணர்ச்சிவசப்படாதே என்று அது யாரிடமும் சொல்லவில்லை. வந்து அமரும் புதியவருக்குப் பழைய முடிவு குறித்து வெட்கப்பட ஒன்றுமில்லை; அவருடைய இடத்திலிருந்து பார்க்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு நமக்கும் இல்லை. உணர்ச்சியை அடக்க முயல்வதைவிட, அது இல்லாத ஓர் இடத்தையோ நேரத்தையோ தேடிப் போவது எளிது. நான் இன்று செய்வது முழுவதும் இந்த ஒரு எண்ணத்திலிருந்து வந்ததுதான்.

புதிய முயற்சி எதையும் தொடங்கும் முன், மனம் சமநிலையில் இருக்கும்போதே, அதை எப்போது நிறுத்துவேன் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவிடுகிறேன். "சரியாகப் போகாவிட்டால் யோசிப்போம்" என்று எழுதினால் அதில் பயனில்லை, ஏனென்றால் சரியாகத்தான் போகிறது என்று வாதாட அந்த நாளில் நமக்குக் காரணம் கிடைத்துவிடும். ஆறாவது மாதக் கடைசியில் கழிவு 4 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் நிறுத்தம், மூன்றாவது காலாண்டிலும் திரும்ப வாங்கும் வாடிக்கையாளர் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் நிறுத்தம் என்று தேதியோடும் எண்ணோடும் எழுத வேண்டும். கூடவே, இந்த முடிவை ஏன் எடுக்கிறேன் என்பதையும் நான்கு வரிகளில் எழுதுகிறேன். பின்னால் எடுத்துப் படிக்கும்போது, நான் நினைத்துக்கொண்டிருக்கும் காரணமும் அன்று எழுதிய காரணமும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

எழுதுவதையும் ஒரே அமர்வில் முடிப்பதில்லை. 1772-இல் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்ளின், தம்மைத் தேடி வந்த ஒரு வேலையை ஏற்பதா என்று குழம்பியிருந்த நண்பர், ஆங்கில அறிவியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில், தாளை இரண்டாகப் பிரித்து ஆதரவான காரணங்களையும் எதிரானவற்றையும் எழுதும் முறையை விளக்கினார். இதைச் சொல்கிறவர்கள் இரண்டு பத்திகளை மட்டும் சொல்லிவிட்டு, அவர் அந்தத் தாளுக்கு மூன்று நான்கு நாள் கொடுத்ததை விட்டுவிடுகிறார்கள். காரணங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மனத்தின் முன் நிற்பதில்லை, ஒன்று வரும்போது மற்றொன்று மறைந்துவிடுகிறது என்பதுதான் அவர் கண்ட சிக்கல். திங்கட்கிழமைக் கவலையும் வியாழக்கிழமை உற்சாகமும் ஒரே தாளில் பதிந்திருந்தால்தான் இரண்டையும் எடை போட முடியும்.

கோபத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பணம் தர இழுத்தடிக்கும் வாடிக்கையாளருக்குக் கடுமையான கடிதம் எழுதத் தோன்றினால் எழுதுவேன், பெறுநர் முகவரியை மட்டும் நிரப்ப மாட்டேன். மறுநாள் படித்தால் பாதி வரிகள் தாமாகவே போய்விடும். பசியும் தூக்கமின்மையும் இதே வகைதான். அந்த நேரங்களில் முடிவைத் தள்ளிவைப்பதற்கு மேல் எந்த உத்தியும் தேவையில்லை.

மகிழ்ச்சியைப் பற்றி எச்சரிப்பவர்கள் குறைவு. எங்கள் உற்பத்தித் திறனில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் ஓர் ஆர்டர் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்த அன்று மாலையே, கூடுதல் கிடங்குக்கு மூன்று ஆண்டுக் குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். ஏழாவது மாதத்தில் ஆர்டர் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. கிடங்கின் வாடகை குறையவில்லை. கெட்ட செய்தி வந்த நாளில் பொறு என்று சொல்ல நான்கு பேர் இருப்பார்கள், நல்ல செய்தி வந்த நாளிலோ அந்த நான்கு பேரும் சேர்ந்து கைகுலுக்குகிறார்கள். இதற்கு எனக்கு உதவுவது கேரி கிளைன் என்ற உளவியலாளர் பரிந்துரைத்த ஒரு பயிற்சி: திட்டம் ஓராண்டு கழித்துத் தோற்றுவிட்டது என்று முதலிலேயே வைத்துக்கொண்டு, அது ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதுவது. முதலாளியின் உற்சாகத்தைக் கெடுக்க விரும்பாமல் வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள்கூட, தோற்றுப்போனதாகச் சொல்லப்பட்ட ஒன்றுக்குக் காரணம் எழுதத் தயங்குவதில்லை. கிடங்கு விஷயத்தில் இதைச் செய்திருந்தால், "ஒரே வாடிக்கையாளர்" என்ற இரண்டு சொற்களைக் குறைந்தது மூன்று பேராவது எழுதியிருப்பார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உணர்ச்சியே இல்லாமல் முடிவெடுப்பதுதான் இலட்சியம் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. நரம்பியல் அறிஞர் அன்டோனியோ டமாசியோ, மூளையின் முன்பகுதியில் பாதிப்பு ஏற்பட்டு உணர்ச்சிகள் மங்கிப்போன நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அறிவுக்குக் குறைவில்லாத ஒருவரிடம், அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அவர் குறிப்பேட்டைப் புரட்டியபடி, மற்ற வேலைகள், வானிலை என்று ஒவ்வொரு தேதிக்கும் சாதகபாதகங்களை ஏறத்தாழ அரைமணி நேரம் அடுக்கிக்கொண்டே போனார். இரண்டாவது தேதிக்கு வாருங்கள் என்று மருத்துவரே சொன்னதும், சரி என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். இது போதும், இதற்கு மேல் யோசிக்க வேண்டாம் என்று நமக்குச் சொல்வதும் ஓர் உணர்ச்சிதான்.

உள்ளுணர்வை எங்கே நம்பலாம் என்பதற்கும் ஓரளவு தெளிவான அளவுகோல் இருக்கிறது. ஒரே வகையான சூழல் திரும்பத் திரும்ப வந்து, நம் கணிப்பு சரியா தவறா என்று விரைவில் தெரிந்துவிடும் துறைகளில் அனுபவசாலியின் உள்ளுணர்வு நம்பத்தக்கது என்று கானமனும் கிளைனும் 2009-இல் சேர்ந்து எழுதினார்கள். இந்தப் பொருளில் பல ஆண்டுகள் எதிரெதிர் நிலையில் நின்றவர்கள் அவர்கள். அட்டையை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்த்து இது ஈரம் இழுக்கும் என்று எங்கள் மேற்பார்வையாளர் சொன்னால், நான் சோதனை முடிவுக்குக் காத்திருப்பதில்லை, ஏனென்றால் ஆயிரக்கணக்கான முறை சொல்லி மறுநாளே விடை தெரிந்துகொண்டவர் அவர். மூன்று ஆண்டு கழித்துச் சந்தை எப்படி இருக்கும் என்று என் மனம் சொல்வதற்கு அப்படிப்பட்ட பயிற்சி எதுவும் கிடைத்ததில்லை.

பணியாளர் ஒருவரை நீக்குவது, பழைய கூட்டாளியைப் பிரிவது போன்றவற்றில் இந்த முறைகள் பாதி தூரம்தான் வருகின்றன. அங்கே வரும் வருத்தத்தைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டிய பிழையாக நான் கருதவில்லை. எதிரில் இருப்பவருக்கு நாம் கடமைப்பட்டிருப்பதை அதுதான் நினைவூட்டுகிறது. முடிவு என்ன என்பதை எண்கள் சொல்லட்டும், அதை யார், எப்போது, எந்தச் சொற்களில் அவரிடம் சொல்வது என்பதை அந்த வருத்தத்திடம் விட்டுவிடுகிறேன்.

இப்போதும் குறிப்பேட்டில் ஒரு தேதி இருக்கிறது. சென்ற ஆண்டு தொடங்கிய ஒரு புதிய வகைப் பெட்டிக்கு நான் எழுதி வைத்த மூன்று எண்களில் ஒன்று ஏற்கெனவே எல்லையைத் தாண்டிவிட்டது. 4 என்பதை 5 ஆக்கினால் என்ன குறைந்துவிடும் என்று கை பரபரக்கிறது. அதனால்தான் அந்தக் குறிப்பேடு என் மேசையில் இல்லாமல் கணக்கரின் இழுப்பறையில் இருக்கிறது, சாவியும் அவரிடமே.